சத்து மாத்திரைகளுக்கு மாதம் ஆறாயிரம் ரூபாய்: எவற்றைத் தொடரலாம், எவற்றை நிறுத்தலாம்?

தாமிரபரணிக்கரை எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். எங்கள் வீட்டில் மளிகைக்கு அடுத்தபடியாக அதிகம் செலவாவது சத்து மாத்திரைகளுக்குத்தான் என்பது, சென்ற மாதப் பில்களை அடுக்கிப் பார்த்தபோது தெரிந்தது. தொகை ஆறாயிரத்தைத் தாண்டுகிறது. நானும் மனைவியும் ஐம்பதுகளில் இருக்கிறோம். எனக்குச் சர்க்கரை நோய் உண்டு. பல ஆண்டுகளாக மெட்ஃபார்மின் எடுத்துக்கொள்கிறேன். எழுபதைக் கடந்த தாயார், வேலைக்குச் செல்லும் மகள், உடற்பயிற்சிக்கூடத்துக்குப் போகும் மகன் ஆகியோரும் உடன் இருக்கிறார்கள்.

தாயாருக்கான கால்சியம் ஒரு மருத்துவர் எப்போதோ எழுதிக் கொடுத்தது. வாரம் ஒருமுறை பாலில் கலந்து குடிக்கும் வைட்டமின் டி பாக்கெட், முழு உடல் பரிசோதனைக்குப் பிறகு எங்கள் இருவருக்கும் வந்து சேர்ந்தது. மீன் எண்ணெய் மாத்திரையை உறவினர் ஒருவர் பரிந்துரைத்தார். மகளின் முடி உதிர்வுக்குப் பயோட்டின், மனைவியின் தோலுக்குக் கொலாஜன் தூள், எனக்கு அசுவகந்தா, எல்லோருக்கும் மல்டிவைட்டமின், மஞ்சள் சாறு அடங்கிய மாத்திரை, மகனுக்குப் புரதத் தூள் என்று பட்டியல் நீள்கிறது. ஒவ்வொன்றையும் தொடங்கச் சொல்ல ஒருவர் இருந்தார். எதையும் நிறுத்தச் சொல்ல இதுவரை ஒருவரும் வரவில்லை.

செலவிடும் பணத்துக்கு ஈடாக எங்கள் உடம்புக்கு என்ன கிடைக்கிறது என்பதே என் கேள்வி. கருத்தோடு ஆதாரமும் இருந்தால் சேர்த்து எழுதும்படி கேட்டுக்கொள்கிறேன்.

கணக்கன் எழுதியது:

இந்தப் பட்டியலில் மல்டிவைட்டமினை மட்டும் காப்பாற்ற விரும்புகிறேன். நம்மில் பெரும்பாலோர் மூன்று வேளையும் அரிசியை மையமாக வைத்துச் சாப்பிடுகிறோம். காய்கறி தொட்டுக்கொள்ளும் அளவுக்குத்தான் இலையில் விழுகிறது. அப்படியிருக்க, நாளொன்றுக்குச் சில ரூபாயில் கிடைக்கும் ஒரு மாத்திரையைக் காப்பீடாகக் கருதுவதில் தவறில்லை.

ஆதாரம் கேட்டீர்கள். அமெரிக்காவில் ஐம்பது வயதைக் கடந்த 14,641 ஆண் மருத்துவர்களிடம் பத்தாண்டுகளுக்கும் மேலாக நடந்த ஆய்வின் முடிவு 2012இல் வெளியானது. மல்டிவைட்டமின் எடுத்தவர்களிடம் புற்றுநோய், மொத்தக் கணக்கில், 8 சதவீதம் குறைந்திருந்தது. அண்மையில் காஸ்மாஸ் என்ற பெரிய ஆய்வின் நினைவாற்றல் கிளைகளில் ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட முதியவர்கள் சோதிக்கப்பட்டார்கள். 2024இல் வந்த தொகுப்பு, மல்டிவைட்டமினின் பலன் ஏறத்தாழ இரண்டு ஆண்டு மூப்பைத் தள்ளிப்போட்டதற்கு ஒப்பானது என்று மதிப்பிட்டது. இவை விளம்பரங்கள் அல்ல. மாத்திரை எது, போலி மாத்திரை எது என்று எடுப்பவருக்கே தெரியாத வகையில் நடத்தப்பட்ட ஆய்வுகள்.

வேப்பமரநிழல் எழுதியது:

கணக்கன் அவர்கள் சொன்ன மருத்துவர் ஆய்வு உண்மையானதுதான். அதே ஆய்வில் மாரடைப்பும் பக்கவாதமும் இதய நோய் மரணமும் சிறிதும் குறையவில்லை என்பதையும் அவர் சேர்த்துச் சொல்லியிருக்கலாம். தவிர, 2024இல் ஏறத்தாழ 3,90,000 அமெரிக்கர்களை இருபது ஆண்டுகளுக்கும் மேலாகப் பின்தொடர்ந்த பகுப்பாய்வு ஒன்று வந்தது. நாள்தோறும் மல்டிவைட்டமின் எடுத்த, பெரிய நோய்கள் இல்லாத மக்கள் எடுக்காதவர்களைவிட நீண்ட நாள் வாழ்ந்ததாக அதில் தெரியவில்லை. (இது பின்தொடர்ந்து பார்த்த ஆய்வுதான், சீட்டுக் குலுக்கிப் பிரித்த சோதனை அன்று என்பதை நானே சொல்லிவிடுகிறேன்.) அமெரிக்க நோய்த்தடுப்புப் பணிக்குழு 2022இல் எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்துவிட்டு, இதய நோயையும் புற்றுநோயையும் தடுக்க மல்டிவைட்டமின் உதவுமா உதவாதா என்று சொல்லப் போதுமான சான்று இல்லை என்றே அறிவித்தது.

அதைவிட முக்கியமானது, “நன்மை செய்யாவிட்டாலும் தீமை செய்யாது” என்று நாம் வசதியாக நம்பிக்கொண்டிருப்பது. பின்லாந்தில் புகைபிடிக்கும் 29,133 ஆண்களிடம் ஓர் ஆய்வு நடந்தது. காரட்டும் கீரையும் அதிகம் சாப்பிடுபவர்களுக்கு நுரையீரல் புற்றுநோய் குறைவு என்று முன்பே தெரிந்திருந்ததால், அவற்றில் உள்ள பீட்டா கரோட்டினை மாத்திரையாகக் கொடுத்துப் பார்த்தார்கள். 1994இல் முடிவு வெளியானபோது, அந்த மாத்திரையை எடுத்தவர்களிடம் நுரையீரல் புற்றுநோய் 18 சதவீதம் கூடியிருந்தது. அமெரிக்காவில் பீட்டா கரோட்டினோடு வைட்டமின் ஏ சேர்த்துக் கொடுத்த இன்னோர் ஆய்வை, நுரையீரல் புற்றுநோய் 28 சதவீதம் கூடியதால் 1996இல் பாதியிலேயே நிறுத்தினார்கள். பிறகு 35,533 ஆண்களிடம் வைட்டமின் ஈ சோதிக்கப்பட்டது. புரோஸ்டேட் சுரப்பிப் புற்றுநோயைக் குறைக்கும் என்று எதிர்பார்த்த மாத்திரை, 2011 கணக்குப்படி அதை 17 சதவீதம் கூட்டியிருந்தது. உணவில் இருக்கும்போது நன்மை செய்த ஒன்றைத் தனியே பிரித்துப் பல மடங்காகக் கொடுத்தால் அதே நன்மை பல மடங்காகும் என்ற கணக்கு, மூன்று முறையும் பொய்த்துப்போனது.

கணக்கன் எழுதியது:

அந்த இரு நுரையீரல் ஆய்வுகளும் பெரும்பாலும் புகைபிடிப்பவர்களிடம், மிக அதிக அளவில் செய்யப்பட்டவை. ஒரு சாதாரண மல்டிவைட்டமினில் அன்றாடத் தேவை அளவுக்குத்தான் இருக்கும். மலையையும் மடுவையும் ஒன்றாக எடைபோட வேண்டாம்.

மருந்துக்கடைமுகப்பு எழுதியது:

சிறு நகரம் ஒன்றில் மருந்தாளுநராக இருக்கிறேன். கணக்கன் அவர்கள் சொல்வது ஒற்றை மாத்திரைக்குப் பொருந்தும். இழையைத் தொடங்கிய ஐயாவின் வீட்டில் அப்படி இல்லை என்பதைக் கவனியுங்கள்.

அவர் எழுதியதில் வைட்டமின் டி எத்தனை இடத்தில் இருக்கிறது என்று பார்ப்போம். வாராந்திரப் பாக்கெட்டில் 60,000 யூனிட் உள்ளது. கால்சியம் மாத்திரையில் வழக்கமாக 250 யூனிட் சேர்ந்தே வரும். மல்டிவைட்டமினிலும் உண்டு, மகனின் புரதத் தூளிலும் இருக்க வாய்ப்புண்டு. நம் நாட்டு ஊட்டச்சத்துப் பரிந்துரை ஒருவருக்கு நாளொன்றுக்கு 600 யூனிட் என்கிறது. பெரியவர்களுக்கு 4,000 யூனிட்டை மேல் வரம்பாகப் பல நாடுகள் வைத்திருக்கின்றன. வாரம் 60,000 என்பது நாளுக்கு எட்டாயிரத்து ஐந்நூறுக்கும் மேல். குறைபாடு உள்ளவருக்கு எட்டு வாரம் போன்ற குறிப்பிட்ட காலத்துக்கு அதைக் கொடுப்பது முறையான சிகிச்சை. ஆனால் எட்டு வாரச் சீட்டை ஆண்டுக்கணக்கில் கொண்டுவந்து நீட்டுபவர்கள் என் கடைக்கு வருகிறார்கள். வாரத்துக்கு ஒன்று என்பதை நாளுக்கு ஒன்று என்று புரிந்துகொண்டு, ரத்தத்தில் கால்சியம் ஏறி, வாந்தியும் குழப்பமும் சிறுநீரகப் பாதிப்புமாக மருத்துவமனையில் சேர்ந்தவர்களைப் பற்றிய குறிப்புகள் மருத்துவ இதழ்களில் வந்திருக்கின்றன. தண்ணீரில் கரையும் வைட்டமின் சி போல இது எளிதில் சிறுநீரில் போய்விடாது; கொழுப்பில் தங்கும்.

அடுத்து லேபிள். அட்டையில் 1,250 மி.கி. கால்சியம் கார்பனேட் என்று போட்டிருந்தால் உள்ளே இருக்கும் கால்சியம் 500 மி.கி.தான். 1,000 மி.கி. மீன் எண்ணெய் என்று பெரிய எழுத்தில் இருந்தால், பின்பக்கத்துச் சிறிய எழுத்தைப் படியுங்கள்; பயன்தரும் இரண்டு கொழுப்பு அமிலங்களும் சேர்ந்து 300 மி.கி. மட்டுமே இருக்கும். மீதி வெறும் எண்ணெய்.

சட்டத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. டப்பாவில் மருந்து உரிம எண் இருக்கிறதா, உணவுப் பாதுகாப்புத் தர ஆணையத்தின் பதினான்கு இலக்க எண் இருக்கிறதா என்று பாருங்கள். பின்னது இருந்தால் சட்டத்தின் பார்வையில் அது உணவு. “மருத்துவப் பயன்பாட்டுக்கு அன்று” என்ற பொருள்பட அதே டப்பாவில் அச்சிட்டிருக்க வேண்டும் என்று 2016 விதிமுறைகள் கூறுகின்றன. விற்பனைக்கு முன் மருந்துக்குக் கேட்கப்படும் சோதனைகள் இதற்குக் கேட்கப்படுவதில்லை. அமெரிக்காவிலிருந்து வரும் டப்பா என்றால் தரம் உயர்ந்தது என்று நினைப்பவர்களுக்கும் ஒரு செய்தி: அங்கேயும் 1994ஆம் ஆண்டுச் சட்டப்படி, இந்தப் பொருள்களுக்கு விற்பனைக்கு முந்தைய அரசு ஒப்புதல் தேவையில்லை.

ஆய்வகச்சீட்டு எழுதியது:

பயோட்டின் என்றதும் எழுதத் தோன்றியது. நான் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் பணியாற்றுகிறேன். ஒருவருக்கு நாளொன்றுக்கு 30 மைக்ரோகிராம் போதும் என்று கருதப்படும் இந்தச் சத்து, முடிக்கான மாத்திரைகளில் 10 மி.கி. வரை இருக்கிறது. முந்நூறு மடங்குக்கும் மேல். இதன் குறைபாடு மிக அரிது. குறைபாடு இல்லாதவருக்கு இது முடி வளர்க்கும் என்பதற்கு நல்ல சான்றும் கிடையாது.

இதன் பெரிய தொல்லை வேறிடத்தில் இருக்கிறது. தைராய்டு, டிரோபோனின் போன்ற பல பரிசோதனைகளின் வேதிமுறையிலேயே பயோட்டின் ஒரு பிணைப்புப் பொருளாகப் பயன்படுகிறது. ரத்தத்தில் அது மிகுந்திருந்தால் அத்தகைய கருவிகள் தவறான எண்ணைக் காட்டும். தைராய்டு சரியாக உள்ளவருக்கு அது அதிகமாகச் சுரப்பதுபோல் அறிக்கை வரலாம். மாரடைப்பைக் கண்டறிய உதவும் டிரோபோனின் பொய்யாகக் குறைந்து தெரியலாம். அப்படி நேர்ந்த ஒரு மரணத்தைக் குறிப்பிட்டு அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2017இல் எச்சரிக்கை வெளியிட்டது. எல்லாக் கருவிகளிலும் இந்தச் சிக்கல் இல்லை. சில நிறுவனங்கள் முறையை மாற்றிவிட்டன. ஆனால் உங்கள் ரத்தம் எந்தக் கருவிக்குள் போகிறது என்பது உங்களுக்குத் தெரியாது. மகளின் முடி உதிர்வுக்குக் காரணம் தேட ரத்தம் கொடுப்பதாக இருந்தால், குறைந்தது இரண்டு நாள் முன்பே பயோட்டினை நிறுத்திவிட்டு, எடுத்துக்கொண்டிருந்ததையும் கூடத்தில் சொல்லச் சொல்லுங்கள்.

துணைசுகாதாரநிலையம் எழுதியது:

மகளின் முடி உதிர்வுக்குக் காரணம் தேட வேண்டும் என்று மேலே எழுதியவரோடு முழுக்க உடன்படுகிறேன். நான் கிராமப்புறச் செவிலியர். இளம் பெண்களுக்கு முடி கொட்டுகிறது என்றால் இரும்புச்சத்துக் குறைவு, தைராய்டு, அண்மையில் வந்த காய்ச்சல், பிரசவம் ஆகியவற்றைத்தான் முதலில் விசாரிக்க வேண்டும். தேசியக் குடும்பநல ஆய்வின் ஐந்தாம் சுற்று 2019 முதல் 2021 வரை நடந்தது. அதன்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் பாதிக்கும் மேற்பட்டோருக்கு ரத்தசோகை இருக்கிறது. இது ஏழைகளின் நோய் மட்டும் என்று நினைப்பது சரியன்று.

இந்த இழையில் யாரும் குறிப்பிடாத ஒரு சத்து மாத்திரை உண்டு. அதற்கு விலை கிடையாது. இரத்தசோகை இல்லா இந்தியா திட்டத்தில், கருவுறும் வயதுப் பெண்களுக்கு வாரம் ஒன்றாக நாங்கள் கொடுக்கும் சிவப்பு மாத்திரையில் 60 மி.கி. இரும்பும் 500 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலமும் உள்ளன. பள்ளி வயதுப் பிள்ளைகளுக்கு இளஞ்சிவப்பு, வளரிளம் பருவத்தினருக்கு நீலம். கர்ப்பிணிகளுக்கு நான்காம் மாதத்திலிருந்து நாள்தோறும். இவற்றை வாங்கிப் பெட்டியில் போட்டுவிட்டு, மலம் கறுப்பாகப் போகிறது, வயிற்றைப் புரட்டுகிறது, இலவசத்தில் என்ன இருந்துவிடப் போகிறது என்று சொல்லும் வீடுகளில், ஆயிரக்கணக்கில் விலைகொடுத்து வாங்கிய புட்டிகளை அலமாரியில் பார்த்திருக்கிறேன். மலம் கறுப்பது இரும்பின் இயல்பு, அஞ்ச வேண்டியதில்லை. வயிற்றைப் புரட்டினால் சாப்பிட்ட பிறகு எடுத்துக்கொள்ளலாம். காபி, தேநீரோடும் கால்சியத்தோடும் சேர்த்து எடுத்தால் இரும்பு உடம்பில் சரியாகச் சேராது என்பதை மட்டும் மறக்க வேண்டாம்.

ஃபோலிக் அமிலத்தைப் பற்றித் தனியே சொல்ல வேண்டும். முதுகுத்தண்டுக் குறையுள்ள குழந்தையை முன்பு பெற்ற தாய்மார்களிடம் நடந்த ஆய்வில், அடுத்த குழந்தைக்கு அதே குறை வருவதை இது 72 சதவீதம் தடுத்தது என்று 1991இல் தெரியவந்தது. சத்து மாத்திரைகளின் வரலாற்றிலேயே இவ்வளவு தெளிவான வெற்றிகள் அதிகமில்லை. ஆனால் கருவின் நரம்புக் குழாய் (பின்னாளில் மூளையும் தண்டுவடமும் ஆவது) முதல் 28 நாள்களுக்குள் மூடிவிடுகிறது. நாள் தள்ளிப்போய்ச் சோதித்துப் பார்ப்பதற்குள் பாதி வேலை முடிந்திருக்கும். ஆகவே கருத்தரிக்கத் திட்டமிடும்போதே தொடங்க வேண்டும். மருந்துக்கடையில் வாங்கினாலும் இதன் விலை மிகச் சொற்பம்.

தாமிரபரணிக்கரை எழுதியது:

மகளுக்கு ஹீமோகுளோபின் பார்த்து நெடுநாள் ஆகிவிட்டது. பயோட்டினை நிறுத்திவிட்டுப் பரிசோதனைக்கு ஏற்பாடு செய்கிறேன். எங்கள் வீட்டில் பொதுவாகச் சைவச் சமையல்தான் என்பதையும் முதலிலேயே குறிப்பிட்டிருக்க வேண்டும்.

தயிர்சாதம் எழுதியது:

சைவ உணவும் மெட்ஃபார்மினும் ஒரே ஆளிடம் சேர்ந்திருக்கின்றன என்றால், இவ்வளவு நீண்ட பட்டியலில் பி12 என்ற பெயரே தனியாக இல்லாதது வியப்பளிக்கிறது. செடிகொடிகளில் இந்த வைட்டமின் இல்லை. பாலிலும் தயிரிலும் ஓரளவு உண்டு. மெட்ஃபார்மினை நெடுங்காலம் எடுப்பவர்களுக்குக் குடலில் இது உறிஞ்சப்படுவது குறைகிறது. அதன் விளைவாக வரும் கால் மரத்துப்போதலைச் சர்க்கரை நோயின் நரம்புப் பாதிப்பு என்று நினைத்து விட்டுவிடுவார்கள். தாமதமானால் நரம்பு முழுவதுமாக மீளாது.

மல்டிவைட்டமினில் இருக்குமே என்று கேட்கலாம். நாளின் தேவை 2 மைக்ரோகிராமுக்குச் சற்று மேல். சைவ உணவு உண்ணும் நலமான இளைஞருக்கு அந்தச் சிறிய அளவு ஒருவேளை போதலாம். உறிஞ்சும் வழியே பழுதானவருக்கு அது போதாது. ஆயிரம், ஆயிரத்து ஐந்நூறு மைக்ரோகிராம் மாத்திரைகள் இருப்பதன் காரணம் இதுதான்: அவ்வளவு கொடுத்தால் அதில் ஒரு சதவீதம் அளவுக்கு, வழக்கமான வழியின் உதவியின்றியே உடம்புக்குள் போய்விடும். ஐயா ஒருமுறை பி12 அளவைப் பார்த்துவிட்டு மருத்துவரிடம் கேட்பது நல்லது. நீங்கள் மாதந்தோறும் வாங்குவனவற்றில் பெரும்பாலானவற்றைவிட இதன் விலை குறைவு.

தேம்ஸ்கரை எழுதியது:

வைட்டமின் டி பற்றி இங்கே பேசுவது முழுக்க வெயில் உள்ள ஊர்களுக்குப் பொருந்தும். லண்டனில் குடியிருக்கும் எங்களைப் போன்றவர்களுக்குக் கணக்கு வேறு. அக்டோபர் முதல் மார்ச் வரை இங்கே வரும் வெயிலில், தோலில் வைட்டமின் டி உண்டாகப் போதுமான கதிர் இல்லை. எனவே அந்த மாதங்களில் நாள்தோறும் 10 மைக்ரோகிராம், அதாவது 400 யூனிட், எடுத்துக்கொள்வது பற்றி யோசிக்கும்படி அரசு மருத்துவத் துறையே எல்லோருக்கும் கூறுகிறது. ஆப்பிரிக்க, தெற்காசிய வம்சாவளியினரைப் போன்ற கருநிறத் தோலினரை ஆண்டு முழுவதும் எடுப்பது பற்றி யோசிக்கச் சொல்கிறது. நான் எடுத்துக்கொள்கிறேன். அளவைக் கவனியுங்கள், 400 யூனிட். ஊருக்கு வரும்போதெல்லாம் 60,000 பாக்கெட்டுகளைப் பெட்டி நிறைய வாங்கிவரும் நண்பர்களிடம் இதைச் சொல்லிச் சலித்துவிட்டது.

வேப்பமரநிழல் எழுதியது:

தேம்ஸ்கரை சொன்னதோடு இதையும் சேர்த்துக்கொள்ளலாம். 25,871 அமெரிக்கர்களிடம் நாளுக்கு 2,000 யூனிட் வைட்டமின் டி, ஒரு கிராம் மீன் எண்ணெய் ஆகிய இரண்டையும் ஐந்தாண்டு சோதித்த வைட்டல் ஆய்வில், புற்றுநோய் வருவதோ மாரடைப்பு, பக்கவாதம், இதய நோய் மரணம் ஆகியவற்றின் கூட்டு எண்ணிக்கையோ குறையவில்லை. 2022இல் வெளியான அதன் தொடர்ச்சியில் எலும்பு முறிவும் குறையவில்லை. பங்கேற்றவர்களில் பெரும்பாலோருக்குக் குறைபாடே இல்லை என்பது ஒரு மறுப்பாகச் சொல்லப்படுகிறது. சரிதான், நமக்கு வேண்டிய செய்தியும் அந்த மறுப்பிலேயே இருக்கிறது. குறைபாடு இல்லாதவருக்குக் கூடுதலாக ஊற்றியதால் பயனில்லை.

ஐயாவுக்குச் சர்க்கரை நோய் என்பதால் இன்னொன்று. 15,480 சர்க்கரை நோயாளிகளிடம் ஏழாண்டுகளுக்கும் மேலாக மீன் எண்ணெய் மாத்திரையைச் சோதித்த ஆஸ்செண்டு ஆய்வு 2018இல் வெளியானது. போலி மாத்திரையைவிட அது இதயத்தைக் காக்கவில்லை. டிரைகிளிசரைடு என்ற ரத்தக் கொழுப்பு மிகுந்தவர்களுக்கு மருத்துவர் எழுதித் தரும் செறிவூட்டிய வகை வேறு. அதன் அளவும் வேறு. அசைவம் உண்பவர்கள் என்றால், நூறு கிராம் மத்தி மீனில் மூன்று நான்கு மாத்திரைகளுக்கு ஈடான கொழுப்பு அமிலம் கிடைத்துவிடும் என்றும் சொல்லியிருப்பேன்.

மூலிகைத்தோட்டம் எழுதியது:

இவ்வளவு சிக்கலும் செயற்கை வேதிப்பொருள்களால் வருவது. இயற்கையான அமுக்கராவையும் மஞ்சளையும் சீந்திலையும் நம் முன்னோர்கள் காலங்காலமாகப் பயன்படுத்தினார்கள். அவற்றை இந்தப் பட்டியலில் சேர்த்துப் பழிப்பது நியாயமில்லை.

மருந்துக்கடைமுகப்பு எழுதியது:

யாரும் பழிக்கவில்லை ஐயா. குழம்பில் போடும் மஞ்சளைப் பற்றி எந்தப் புகாரும் கிடையாது. மஞ்சளில் உள்ள குர்குமின் என்ற பொருளைச் செறிவாகப் பிரித்தெடுத்து, உடம்பு அதை எளிதில் உறிஞ்சிக்கொள்ள மிளகுச் சாரத்தையும் சேர்த்து அடைத்த மாத்திரை, முன்னோர்கள் பயன்படுத்திய பொருளே அன்று. அத்தகைய மாத்திரைகளால் கல்லீரல் வீங்கியவர்களைப் பற்றி அமெரிக்காவிலிருந்தும் இத்தாலியிலிருந்தும் அறிக்கைகள் வந்துள்ளன. அமுக்கரா, அதாவது அசுவகந்தா, எடுத்தவர்கள் சிலரிடமும் கல்லீரல் பாதிப்பு பதிவாகியிருக்கிறது. டென்மார்க் 2023இல் அதைத் தடைசெய்தது. கொரோனா காலத்தில் சீந்தில் எடுத்தவர்களிடம் மும்பை மருத்துவர்கள் கல்லீரல் அழற்சியைக் கண்டு 2021இல் எழுதினார்கள். ஆயுஷ் அமைச்சகம் அதை மறுத்தது. எல்லோருக்கும் இப்படி ஆகும் என்று நான் சொல்லவில்லை. பெரும்பாலோருக்கு ஒன்றும் ஆவதில்லை. சித்த மருத்துவர் நாடி பார்த்து, அளவும் காலமும் குறித்துத் தரும் மருந்து ஒரு வகை; மன அழுத்தத்துக்கு நல்லது என்ற விளம்பரத்தைப் பார்த்து, முடிவுத் தேதி இல்லாமல் விழுங்குவது வேறு வகை. சர்க்கரைக்கு மருந்து எடுப்பவர் அசுவகந்தாவும் எடுத்தால் சர்க்கரை மேலும் இறங்கக்கூடும் என்பதையும் மருத்துவரிடம் சொல்ல வேண்டும்.

கணக்கன் எழுதியது:

என் நிலைப்பாட்டில் நிற்கிறேன். ஆனால் தொடங்கியவரின் கணக்கைப் போட்டுப் பார்த்தேன். மல்டிவைட்டமின் அவருடைய செலவில் சிறு பகுதிதான். கொலாஜன், மீன் எண்ணெய், புரதத் தூள், மூலிகைச் சாறுகள் ஆகியவையே பெரும்பகுதியை விழுங்குகின்றன. ஃபோலிக் அமிலம், இரும்பு, பி12 போல வலுவான சான்றுள்ளவை இலவசமாகவோ மிக மலிவாகவோ கிடைக்க, சான்று மெலிந்தவை விலை உயர்ந்து நிற்கின்றன. விலையே விளம்பரத்துக்குத்தான் போகிறது போலும்.

கொலாஜனைப் பற்றி யாரும் எழுதவில்லை. அது வயிற்றில் மற்றப் புரதங்களைப் போலவே செரித்து உடைபடுகிறது. தோலுக்கு நல்லது என்று கூறும் ஆய்வுகளில் பல சிறியவை, விற்பவர்களின் பணத்தில் நடந்தவை. பருப்பும் பாலும் வாங்கிய பிறகு மீதிப் பணம் இருந்தால் பார்த்துக்கொள்ளலாம்.

மருந்துக்கடைமுகப்பு எழுதியது:

புரதத் தூளையும் விட்டுவிட வேண்டாம். இந்தியச் சந்தையில் கிடைக்கும் 36 புரதத் தூள்களைக் கேரள மருத்துவர் குழு ஒன்று சோதித்து 2024இல் வெளியிட்டது. பத்தில் ஏழு அளவுக்கு, லேபிளில் சொன்ன புரத அளவு உண்மையோடு பொருந்தவில்லை. சிலவற்றில் பூஞ்சை நச்சும் இருந்தது. மகனின் உணவில் பருப்பு, பால், தயிர், சுண்டல் எவ்வளவு என்று முதலில் எழுதிப் பார்க்கச் சொல்லுங்கள். பற்றாக்குறை இருந்தால் தூள் ஒரு வசதி. பற்றாக்குறை இல்லாதவருக்கு அது விலை கூடிய பால்மாவு.

தாமிரபரணிக்கரை எழுதியது:

அனைவருக்கும் நன்றி. கொலாஜன், மஞ்சள் சாறு, பயோட்டின், அசுவகந்தா, மீன் எண்ணெய் ஆகியவற்றை அடுத்த மாதம் வாங்கப்போவதில்லை. டி பாக்கெட்டை நிறுத்தலாமா, பி12 தொடங்கலாமா என்பதை ரத்தப் பரிசோதனையைக் கையில் வைத்துக்கொண்டு மருத்துவரிடம் கேட்கிறேன். மல்டிவைட்டமினைத் தாயாருக்கு மட்டும் தொடர்வதா என்பதில் எனக்கும் மனைவிக்கும் இன்னும் உடன்பாடு ஏற்படவில்லை. அதில் கணக்கன் அவர்களின் கட்சிக்கு ஓர் ஆள் கூடியிருக்கிறார்.

ஒரே ஓர் ஐயம் எஞ்சியுள்ளது. தாயார் காலையில் வெறும் வயிற்றில் தைராய்டு மாத்திரை போட்டு, அரை மணி நேரத்தில் சிற்றுண்டியோடு கால்சியமும் எடுத்துக்கொள்கிறார். இந்தக் கால்சியம் அவருக்குத் தேவையா?

மருந்துக்கடைமுகப்பு எழுதியது:

தேவையா என்பதற்கு முன், எடுக்கும் நேரத்தை நாளையிலிருந்தே மாற்றுங்கள். கால்சியமும் இரும்பும் தைராய்டு மாத்திரையில் உள்ள தைராக்ஸின் உறிஞ்சப்படுவதைத் தடுக்கும். இடையில் நான்கு மணி நேரமாவது இருக்க வேண்டும். இரும்பு உள்ள மல்டிவைட்டமினுக்கும் இது பொருந்தும். கால்சியம் கார்பனேட் உணவோடு நன்றாகச் சேரும் என்பதால் மதியச் சாப்பாட்டுக்கு மாற்றிவிடலாம். மாற்றிய பிறகு ஆறு முதல் எட்டு வாரத்தில் தைராய்டு அளவை மீண்டும் பாருங்கள். இதுவரை மாத்திரையின் ஒரு பகுதி வீணாகி, அதை ஈடுசெய்ய மருத்துவர் அளவைக் கூட்டியிருந்தால், இப்போது அந்த அளவு மிகுதியாகிவிடக்கூடும்.

தேவையைப் பொறுத்தவரை, மாதவிடாய் நின்ற பெண்ணுக்கு நாளுக்கு 1,200 மி.கி. வேண்டும் என்பது நம் நாட்டுப் பரிந்துரை. அரை லிட்டர் பாலிலும் தயிரிலுமாகச் சுமார் 600 கிடைக்கும். நூறு கிராம் கேழ்வரகில் 350 அளவுக்கு உண்டு. முருங்கைக்கீரையிலும் எள்ளிலும் நிறைய உண்டு, ஆனால் தானியத்திலும் கீரையிலும் உள்ளது முழுவதும் உடம்பில் சேராது. தாயார் உண்பதை ஒரு வாரம் குறித்துக்கொண்டு, குறைவதை மட்டும் மாத்திரையால் நிரப்புங்கள். அமெரிக்காவில் 36,282 பெண்களிடம் நடந்த ஆய்வில், உணவுக்கு மேல் நாளுக்கு 1,000 மி.கி. கால்சியமும் வைட்டமின் டியும் எடுத்தவர்களுக்குச் சிறுநீரகக் கல் 17 சதவீதம் கூடியது. அவருக்கு எலும்பு அடர்த்திப் பரிசோதனை செய்ததுண்டா? எலும்புப்புரை உறுதியாகி அதற்கான மருந்தை எடுப்பவராக இருந்தால், கால்சியத்தை மருத்துவரைக் கேட்காமல் நிறுத்தவே கூடாது.

தாமிரபரணிக்கரை எழுதியது:

அப்பரிசோதனை இதுவரை செய்ததில்லை. நாளை முதல் கால்சியத்தை மதியத்துக்கு மாற்றிவிடுகிறேன். எலும்பு அடர்த்திப் பரிசோதனைக்கும் மருத்துவரிடம் எழுதி வாங்குகிறேன்.